வாட்ச்சா, பெல்ட்டா, வாய்ப்பேச்சா: ஓடும்போது எதை நம்புவது?

சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களிடமிருந்து ஆடி முடிந்ததும் ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும்: "எந்த வாட்ச் வாங்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவராக இருப்பார். 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியிருப்பார், அடுத்து அரை மாரத்தான். கையில் ஏற்கெனவே ஏதோ ஒரு ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பார்.

மாடல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது மூன்று விஷயம். ஓடும்போது உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை எதை வைத்து அளப்பது? அளந்த எண்ணை எந்தக் கணக்கோடு ஒப்பிடுவது? நாளைக்கு ஓடலாமா, படுத்துத் தூங்கலாமா என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது? மூன்றுக்கும் ஒரே கருவி பதில் சொல்லும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சொல்லாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதான ஓட்டத்துக்கு வாய்ப்பேச்சு போதும், அதாவது ஓடிக்கொண்டே பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். இன்டர்வெல், அதாவது கொஞ்ச நேரம் வேகமாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறி மாறி ஓடத் தொடங்கிய பிறகு, துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பெல்ட் வாங்குங்கள். மறுநாள் ஓய்வா ஓட்டமா என்பதற்குக் காலையில் விரலால் நாடி பாருங்கள். வாட்ச் இருந்தால் இருக்கட்டும், தூரமும் நேரமும் பார்க்க உதவும். துடிப்பு பார்ப்பதற்காக மட்டும் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

ஈஸி ரன் ஈஸியாக இல்லை

புதிதாக ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம், மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடுவதுதான். ஞாயிறு காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருக்கும், மூச்சு இரைக்கும், சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். இன்றைக்கு என்ன ஓட்டம் என்று கேட்டால், "ஈஸி... ரன்தான்... சார்" என்று மூன்று தவணையில் பதில் வரும்.

நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உச்ச நிலையில் இருக்கும் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் போன்றோரின் பயிற்சி முறைகளை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில்தான் நடக்கிறது என்று கண்டார். 80:20 என்ற பேச்சு பரவியது அப்படித்தான். அது வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் பயிற்சி செய்கிறவர்களின் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரம் நான்கு நாள் ஓடுகிற நமக்கு மூன்று நாள் நிதானம், ஒரு நாள் கடினம் என்று வைத்துக்கொண்டால் சரி. 78 சதவீதமா 82 சதவீதமா என்று எக்செல் போட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தனிப் பொழுதுபோக்கு.

நிதான ஓட்டம் வெறும் சோம்பல் இல்லை. தசைகளுக்குள் நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகுவது, கொழுப்பை எரிபொருளாக எடுக்க உடல் பழகுவது, தசைநார்களும் மூட்டுகளும் மெல்ல உறுதிப்படுவது எல்லாம் அந்த வேகத்திலேயே நடக்கும். கூடவே, களைப்பு மறுநாளைக்கு மிச்சமிருக்காது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் நரம்பு மண்டலம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை கருவிகளும்.

காசில்லாத கருவி

நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை இது. ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு விலாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவு எண், தெரு, பேட்டை, ஊர், பின்கோடு வரை ஒரே மூச்சில் சாதாரணமாக வந்தால் நிதான ஓட்டம். தெருப் பெயர் முடிந்ததும் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் நடுத்தரத்துக்கு வந்துவிட்டீர்கள். கதவு எண்ணோடு நின்றுவிட்டால் அது கடின ஓட்டம், வாட்ச் என்ன நிறத்தில் எந்த ஜோனை (துடிப்பை வைத்துப் பிரித்த தீவிர நிலையை) காட்டினாலும் சரி.

விளையாட்டாகத் தெரியும், ஆனால் இதற்குப் பின்னால் உடலியல் இருக்கிறது. வேகம் கூடக்கூட மூச்சு சீராக ஏறிக்கொண்டு வரும்; ஒரு கட்டத்தில் சட்டென்று அதிகமாகும். வசதியாகப் பேசும் திறன் போகிற இடமும் அந்தக் கட்டமும் ஏறத்தாழ ஒன்றாக அமைவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோலும் இதே வகை. அது ஏன் 6ல் தொடங்குகிறது என்றால், நீங்கள் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் துடிப்புக்குப் பக்கத்தில் வரட்டும் என்றுதான். 13 என்றால் சுமார் 130.

பேச்சுச் சோதனைக்குக் குறை இல்லாமல் இல்லை. குழுவாக ஓடும்போது பேச்சு நன்றாகத்தான் நடக்கும், ஆனால் பேசுவது வேகமானவர்; நாம் "ம்" போட்டுக்கொண்டே பின்னால் போவோம். அதனால் நாமும் பேச வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சை வைத்துச் சொல்லும் அளவு பொருந்தாமல் போகலாம். இன்னொன்று, கடின ஓட்டத்தில் இது உதவாது. உச்சத் துடிப்பில் (உங்கள் இதயம் அதிகபட்சம் எட்டும் துடிப்பில்) 88 சதவீதத்திலும் பேச வராது, 95 சதவீதத்திலும் வராது. அங்கேதான் பெல்ட்டுக்கு வேலை வருகிறது.

வெளிச்சமும் மின்சாரமும்

வாட்ச்சுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விலையிலோ பிராண்டிலோ தேட வேண்டாம். இரண்டும் பார்ப்பதே வேறு வேறு பொருளை.

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் பாயும்போது கொஞ்சம் அதிக ஒளி உறிஞ்சப்படும், திரும்பி வருவது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைக் கணிக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை வீசுகிறது, வாட்ச் குலுங்குகிறது, வியர்வையில் வழுக்குகிறது. ஒவ்வொரு குலுக்கலும் ஒளியை மாற்றுவதால், எது ரத்தம், எது ஆட்டம் என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஊகம் தவறும்போது நடப்பதுதான் வேடிக்கை. ஓடுகிறவர்களின் காலடி பொதுவாக நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருக்கும். வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு அந்தக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்கோடு வரை விலாசம் சொல்லிக்கொண்டு நிதானமாக ஓடுகிறவரின் கையில் 172 என்று சிவப்பாக எரியும். பயந்துபோய் மருத்துவரிடம் ஓடுகிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால், ஓடிக்கொண்டே அரை நிமிடம் காலடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்ச் காட்டும் எண்ணே வந்தால் உடனே நின்று கழுத்தோரம் விரல் வைத்துப் பாருங்கள், உண்மையான எண் தெரிந்துவிடும். இதைக் கொஞ்சம் குறைக்க, வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டலாம். ஓடி முடித்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் வியர்க்குரு வரும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கையில் கட்டுங்கள். மை ஒளியை மறைத்துவிடும்.

பெல்ட் இதயத்தின் மின்சாரத்தையே நேரடியாகப் பிடிக்கிறது. ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அதே தத்துவம்தான். கை ஆடினால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒயர் இல்லாத துடிப்பு அளவியும் நெஞ்சுப் பட்டையோடுதான் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், புது வாட்ச்சின் துல்லியத்தைச் சோதிக்கிறவர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒரு பெல்ட்டைத்தான்.

பெல்ட்டின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் முதல் சில நிமிடம் 210, 60, 195 என்று பைத்தியம் பிடித்த மாதிரி காட்டும். கட்டுவதற்கு முன் உள்பக்கத்து இரண்டு ரப்பர் பகுதிகளையும் தண்ணீரில் நனைக்க வேண்டும். மறந்துவிட்டாலும் சென்னையில் பெரிய நஷ்டம் இல்லை, பத்து நிமிடத்தில் வியர்வையே நனைத்துவிடும். ஓடி வந்ததும் நடுவில் இருக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையைச் சாதாரணத் தண்ணீரில் அலச வேண்டும். கழற்றாமல் ஈரப் பட்டையோடு ஆணியில் மாட்டினால், யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சென்சார் வேலை செய்துகொண்டே இருக்கும், பொத்தான் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். வியர்வை உப்பில் எலாஸ்டிக் தளர்ந்து, ஓட ஓட வயிற்றுக்கு இறங்கும். நீண்ட ஓட்டத்தில் உராய்ந்து தோல் எரியும். முன்பே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம், ரப்பர் பகுதி படும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. பெண்களில் பலருக்கு உள்ளாடையின் அடிப்பட்டையும் பெல்ட்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்.

அதெல்லாம் தாங்காது என்பவர்களுக்கு நடு வழி ஒன்று இருக்கிறது: மேல் கையில், புஜத்தில் கட்டும் ஆர்ம் பேண்ட். இதுவும் ஒளியால்தான் அளக்கிறது. ஆனால் அங்கே எலும்பு குறைவு, சதை அதிகம், ஆட்டமும் குறைவு. மணிக்கட்டை விட நம்பலாம். பேட்டரி மாற்றுவதற்குப் பதில் சார்ஜ் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நல்ல பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும் ஓட்டத்துக்கென்றே வரும் வாட்ச்சுக்கு. பெல்ட்டை ப்ளூடூத்தில் போனோடு நேரடியாகவே இணைக்கலாம், வாட்ச் தேவையில்லை. பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் (ப்ளூடூத் போன்ற இன்னொரு ஒயர் இல்லாத இணைப்பு) இரண்டும் உள்ள பெல்ட்டாக இருந்தால் பெரும்பாலான கருவிகளோடு சேரும்.

வயதைக் கழிக்கும் கணக்கு

கருவி சரியான எண்ணைக் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 138. சரி, இது அதிகமா, குறைவா?

வாட்ச்சுக்குள் இருக்கும் ஜோன்கள் பெரும்பாலும் 220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் தொடங்குகின்றன. 1971ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூவர் எழுதிய கட்டுரையோடு பரவிய கணக்கு இது. முறையாக ஆய்வு நடத்திக் கண்டுபிடித்ததில்லை, அதுவரை வந்திருந்த தரவுகள் மேல் கண்ணளவில் இழுத்த கோடு என்று சொல்லலாம். 2001ல் தனாகாவும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். பெண்களுக்குத் தனியாக, 206லிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்கும் கணக்கு 2010ல் வந்தது. நாற்பது வயதில் முதல் இரண்டும் 180 என்று ஒரே விடை தரும். அறுபது வயதில் 160க்கும் 166க்கும் பிரிந்துவிடும்.

எந்தக் கணக்கானாலும் அது சராசரி. ஒரே வயதுக்காரர்களுக்கு இடையில் உச்சத் துடிப்பு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து மாறுவது சர்வசாதாரணம், அதற்கு மேலும் போகும். உச்சத் துடிப்பு அதிகம் இருப்பவர் நல்ல ஓட்டக்காரர் என்பதும் இல்லை. அது உயரம் மாதிரி, வந்தது வந்ததுதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் சதவீதத்தில் இருக்கிறது. 45 வயதுக்காரர் ஒருவர், ஓய்வில் துடிப்பு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி உச்சம் 175. "60 முதல் 70 சதவீதத்தில் ஓடு" என்று யாரோ சொல்கிறார்கள். 175ல் நேராகச் சதவீதம் போட்டால் 105 முதல் 122 வரை. ஃபின்லாந்தின் கார்வோனன் 1957ல் சொன்ன முறையில், உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதமுள்ள 115ல் சதவீதம் போட்டு, மறுபடி 60ஐக் கூட்ட வேண்டும். 129 முதல் 140 வரை வரும். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் மாஃபெட்டோனைப் பின்பற்றுகிறவர் 180லிருந்து வயதைக் கழித்து 135ஐத் தாண்டாதே என்பார். ஒரே ஆள், ஒரே காலை. முதல் கணக்கில் அவர் வேகமாக நடந்தாலே வாட்ச் எச்சரிக்கும். இரண்டாவதில் வசதியாக ஓடலாம்.

என் சிபாரிசு கார்வோனன் கணக்குக்குத்தான், ஏனென்றால் அதில் குறைந்தது ஒரு எண்ணாவது, அதாவது ஓய்வுத் துடிப்பு, உங்களுடையது. இன்னும் நல்ல வழி, இரண்டு மூன்று நிதான ஓட்டங்களில் பெல்ட் கட்டிக்கொண்டு, விலாசம் சொல்ல முடியாமல் போகிற இடத்தில் துடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்வது. சூத்திரம் 122 என்று சொல்லி, உங்கள் வாய் 141 வரை தாராளமாகப் பேசினால், 141ஐ நம்புங்கள்.

உச்சத் துடிப்பையே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு, ஃப்ளைஓவர் ஏற்றத்தில் மூன்று நிமிடம் வீதம் மூன்று முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமாக ஓடி, கடைசியில் வந்த பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால் அவர்கள், இதைத் தனியாகச் செய்யக் கூடாது. முதலில் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்க, ஓடவிட்டு எடுக்கும் ஈசிஜி சோதனை) எடுத்துவிட்டு வரலாம். ஆனால் டிஎம்டி ரிப்போர்ட்டில் இருக்கும் அதிகபட்சத் துடிப்பை உங்கள் உச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. வயதுக்கான இலக்கை எட்டியதும் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள்.

புழுக்கம் சேர்க்கும் பத்துத் துடிப்பு

வெளிநாட்டு ஓட்டப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று நம் புழுக்கம். ஒரே வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு துடிப்பு மெல்ல ஏறும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவதால், ஈடு கட்ட இதயம் அதிக முறை துடிக்கிறது. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் வியர்வை ஆவியாகாமல் சொட்டித்தான் போகும், குளிர்ச்சி கிடைக்காது. கடைசி கிலோமீட்டரில் பத்துப் பதினைந்து துடிப்பு கூடியிருப்பது வழக்கம்.

இங்கேதான் மூன்று வழிகளும் மூன்று மாதிரி நடந்துகொள்கின்றன. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால், செப்டம்பரில் நிதானமாகத் தொடங்கி டெம்போ ஓட்டத்தின் (கடினத்தை நெருங்கும் ஓட்டத்தின்) சிரமத்தில் முடியும். துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினால், கடைசியில் நடக்க வேண்டிவரும். நடங்கள், தப்பில்லை. வெயில் தரும் சுமையும் இதயத்துக்குச் சுமைதான் என்பதால், நீண்ட ஓட்டத்தில் நான் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பையும் பேச்சையும் வைத்துக்கொள்வேன். அக்டோபரில் எடுத்த ஜோன் எண்களை ஜனவரிப் போட்டி நாளில் அப்படியே பயன்படுத்தவும் முடியாது. பனிக்காலக் காலையில் அதே துடிப்புக்கு வேகம் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்டர்வெல் நாள்

நார்வேயின் டிரான்ட்ஹைமில் ஆராயப்பட்டுப் பெயர் பெற்ற 4க்கு 4 முறையை எடுத்துக்கொள்வோம்: உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தில் நான்கு நிமிடம், பிறகு மூன்று நிமிடம் மெதுவோட்டம், இப்படி நான்கு முறை. உச்சம் 185 உள்ளவருக்கு இது சுமார் 167 முதல் 176. இந்த இடைவெளியை வாட்ச்சின் ஊகத்தில் பிடிக்க முடியாது. காலடித் தாளமும் இதே எண்களில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெல்ட்டின் காசு இந்த நாளில்தான் வசூலாகும்.

துடிப்பு ஏற நேரம் எடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் நான்கு நிமிடத்தில் இரண்டு நிமிடம் போன பிறகுதான் இலக்குக்கு வரும். உடனே 170 பார்க்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பாய்ந்தால் மூன்றாவது சுற்றில் கால் வராது. 200 மீட்டர், 400 மீட்டர் வேக ஓட்டங்களில் துடிப்பு ஏறி முடிவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். அங்கே பெல்ட்டும் வேண்டாம், வாட்ச்சும் வேண்டாம். நேரமும் சிரமமும் போதும்.

சுற்றுகளுக்கு இடையே ஓய்வு எவ்வளவு? மூன்று நிமிடம் என்று கடிகாரத்தை வைத்து ஓடுகிறவர்கள் ஒரு கட்சி, துடிப்பு 120க்கு இறங்கிய பிறகுதான் அடுத்தது என்பவர்கள் இன்னொரு கட்சி. குளிர்ந்த ஊரில் இரண்டாவது நன்றாக வேலை செய்யலாம். சென்னைப் புழுக்கத்தில் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு 120 வருவதற்குள் விடிந்துவிடும், உடம்பும் ஆறிவிடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, துடிப்பைச் சாட்சியாக மட்டும் பாருங்கள். முதல் ஓய்வில் முதல் நிமிடத்தில் 35 இறங்கியது, மூன்றாவது ஓய்வில் 15தான் இறங்குகிறது என்றால் அன்றைக்கு அதோடு போதும்.

இந்த ஒரு நிமிட இறக்கத்துக்கு மருத்துவத்திலும் மதிப்பு உண்டு. 1999ல் வெளியான ஆய்வொன்றில் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில் சோதனைக்குப் பின் சுமார் 6 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. அது சோதனைக்கூடத்தில், மெதுவாக நடந்துகொண்டே அளந்த எண். கடற்கரையில் நின்று அளந்துவிட்டுக் கலவரப்பட வேண்டாம். ஆனால் நன்றாக உழைத்த பிறகும் எப்போதுமே பத்துப் பன்னிரண்டுதான் இறங்குகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திதான்.

நாளைக்கு ஓடலாமா?

ஓடி முடித்ததும் வாட்ச் "52 மணி நேரம் ஓய்வு" என்று ஏதோ சொல்லும். அந்த மணிக்கணக்கு, பெரும்பாலும் அன்றைய துடிப்புப் பதிவிலிருந்து வருகிறது. பதிவில் காலடித் தாளம் கலந்திருந்தால் ஓய்வுக் கணக்கும் அதே லட்சணம்தான்.

இதைவிட நம்பகமானவை இரண்டு: காலை நாடித்துடிப்பு, ஹெச்ஆர்வி. ஹெச்ஆர்வி என்பது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொன்றும் சரியாக ஒரு நொடியில் வருவதில்லை; 0.95, 1.04 என்று கொஞ்சம் முன்பின் ஆகும். உடல் ஓய்ந்திருக்கும்போது இந்த ஆட்டம் கூடும், சுமையில் இருக்கும்போது குறையும். ஃபின்லாந்தில் 2007ல் வெளியான சிறு ஆய்வொன்றில், காலை ஹெச்ஆர்வி பார்த்துக் கடின நாளைத் தீர்மானித்தவர்கள், அட்டவணைப்படி ஓடியவர்களைவிட முன்னேறினார்கள். அளவு நல்ல அளவுதான். ஆனால் நாளுக்கு நாள் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால் வாரச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். இன்று 42, நேற்று 55 என்பதில் செய்தி ஒன்றும் இல்லை. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டால் அதிலும் பயனில்லை.

எனக்கு விரல்தான். விழித்ததும், எழுவதற்கு முன், போனை எடுப்பதற்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. இரண்டு வாரம் குறித்து வைத்தால் உங்கள் வழக்கம் தெரிந்துவிடும். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், கடின ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒரு நாள் கூடினால் முந்தைய இரவை யோசியுங்கள். பதினொரு மணிக்குச் சாப்பிட்ட கல்யாண வீட்டுப் பிரியாணி, மது, தூக்கமின்மை எல்லாமே காலைத் துடிப்பை ஏற்றும். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் இரண்டு மூன்று துடிப்பு கூடுவதும் ஹெச்ஆர்வி குறைவதும் இயல்பு. வாட்ச் அதைக் களைப்பு என்று தவறாக எழுதிவிடும். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். நைட் ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கு எந்தக் காலை எண்ணும் சீராக இருக்காது. அவர்கள் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த நாளில் கடின ஓட்டம் கிடையாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது சுலபம்.

எண்ணை விட்டுவிட வேண்டியவர்கள்

பிரஷருக்கோ இதயத்துக்கோ, சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கோ, அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன எந்தச் சூத்திரமும் பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். 150ஐத் தொட வேண்டும் என்று விரட்டினால் உடம்பு உடைந்துபோகும், எண் வராது. நீண்ட காலச் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதே நிலைதான். ஓய்வில் துடிப்பு அதிகமாகவும், ஓட்டத்தில் ஏறாமலும் இருக்கும். இவர்களுக்குப் பேச்சும் போர்க் அளவுகோலும்தான் கருவி. இலக்கு எண் வேண்டுமென்றால் மாத்திரை போட்ட நிலையிலேயே டிஎம்டி எடுத்து, மருத்துவர் தருவதை வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் வந்தால் கேள்வியே இல்லை, ஓட்டம் கிடையாது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் பத்து கூடும், வைரஸ் சில நேரம் இதயத் தசையையும் தாக்கும். காய்ச்சல் விட்ட பிறகு, காலைத் துடிப்பு பழைய இடத்துக்கு வந்து சில நாள் நிலைக்கும் வரை நடை மட்டும். டெங்குவில் இது தலைகீழாகவும் நடக்கலாம். குணமாகும் கட்டத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்துபோகும், அதைப் பார்த்து வாட்ச் உங்கள் உடற்தகுதி கூடிவிட்டது என்று வாழ்த்தவும் செய்யும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினாலோ, மாடி ஏறும்போது நெஞ்சு படபடத்தாலோ, வலித்தாலோ, ஷூவை எடுப்பதற்கு முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.